இடது முன் வட்டு

பத்து நிமிடம் என்று ஒலிபெருக்கியில் ஒருவன் அலறுகிறான். பத்து நிமிடம் என்பதைக்கூட அலறாமல் சொல்லத் தெரியாத கூட்டம். என் பள்ளியில் ஒரு தண்டவாளத் துண்டும் ஒரு சுத்தியலும் ஆயிரத்து இருநூறு பெண்களை வகுப்புக்கு வகுப்பு நகர்த்தின; இங்கே பதினான்கு கார்களைக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்த ஆறு ஒலிபெருக்கிகள், நான்கு நிறக் கொடிகள், மஞ்சள் மேலங்கி அணிந்த இருபது ஆண்கள். தகரக் கூரையின் கீழ், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அமர்ந்திருக்கிறேன். மடியில் வெந்நீர்க் குடுவை, அதன்மேல் பந்தய விதிப்புத்தகம். கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு மனிதர்கள் செய்யத் தக்க காரியங்கள் எத்தனையோ உண்டு. இவர்கள் ஓடிய தடத்திலேயே திரும்பத் திரும்ப ஓடுகிறார்கள், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார்கள், அதற்குக் கோப்பை வாங்குகிறார்கள். செக்குமாடு சுற்றினாலாவது எண்ணெய் மிஞ்சும். என் கணவர் நஞ்சப்பன் இவர்களுள் ஒருவர். வயது அறுபத்து நான்கு. பீளமேட்டு லேத் பட்டறையை மூடிவிட்டு ஓய்வெடுக்கப் போகிறேன் என்று சொன்னவர், இருபது ஆண்டுப் பழைய கார் ஒன்றை வாங்கி, பின்னிருக்கையைப் பிடுங்கி எறிந்து, உள்ளே கூண்டுபோல் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, மூன்றாண்டுகளாக மாதம் ஒரு ஞாயிறு இங்கே வந்துகொண்டிருக்கிறார். வயிற்றில் பிதுங்கும் சிவப்பு உடை. "நீ எதுக்கு மங்கை இந்த வெயில்ல, ஊட்ல இரேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நான் வீட்டில் இருந்தால் விதியைப் படிப்பவர் யார்? போட்டியாளர் ஒவ்வொருவருக்கும் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்பது இந்த மன்றத்தின் வழக்கம். மற்றவர்களுக்கு மைத்துனனோ மெக்கானிக்கோ படிக்காமல் கிறுக்கிவிட்டுப் போகிறான். நஞ்சப்பனின் தாளில் மட்டும் மங்கையர்க்கரசி, பி.எஸ்ஸி., பி.எட்., தலைமையாசிரியை, ஓய்வு, என்று திருத்தமாக இருக்கும். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவளுக்கு என்ன புரியும் என்று நினைத்தார்கள். அகராதியை வைத்துக்கொண்டு பதினோரு நாளில் முடித்தேன், முடித்துவிட்டு அதிலிருந்த பதினாறு முரண்பாடுகளைப் பட்டியலிட்டு மன்றச் செயலாளருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. பதில் எழுதுவதற்கு முதலில் படிக்க வேண்டுமே.

படித்திருந்தால் கிருபாகரனுக்குச் சென்ற மாதம் அந்த அவமானம் நேர்ந்திராது. கிருபாகரன் கிரானைட் வியாபாரி, பக்கத்துக் கூடாரம், பெருங்குரல், பெருங்கார். பிரேக் வட்டு முழுவதும் சல்லடைபோல் துளை போட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, சூடு சீக்கிரம் ஆறிவிடும் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று விதி இருபத்து மூன்றைச் சொன்னேன். வட்டைப் பெரிதாக்கலாம், அதே நிறுவனத்தின் வேறு காரிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும், கோடு கீறியிருக்கலாம், துளை கூடாது. "காரே ஓட்டத் தெரியாத அம்மா எதுக்குங்க நடுவுல வாய் குடுக்குது" என்றார் கிருபாகரன், என்னைப் பார்த்தல்ல, காற்றைப் பார்த்து. வண்டிச் சோதனையாளர் டைட்டஸ் புத்தகத்தைப் புரட்டினார், உதடுகளை அசைத்துப் படித்தார், நிமிர்ந்து, "அம்மா சொல்றது செரிதாங்க" என்றார். பத்து நிமிடத்தில் பழைய வட்டை மாட்டிவிடுகிறேன் என்று கெஞ்சினார் கிருபாகரன். விதி முப்பத்து ஒன்றையும் நான்தான் சொன்னேன்: சோதனை முடித்துச் சக்கர நட்டுகளில் மஞ்சள் சாயம் வைத்த பின் சக்கரத்தைக் கழற்றினால் அந்தப் பந்தயத்தில் இடமில்லை. அவருடைய முகம் போன போக்கு இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது. துளையிட்ட வட்டைக் கழற்ற மனமில்லாமல் இப்போது விதியே இல்லாத பெரிய வகுப்புக்கு மாறிவிட்டார். அவருடைய பந்தயம் அடுத்தது. விதி இல்லாத இடத்துக்கு ஓடுவதைத்தான் இவர்கள் முன்னேற்றம் என்கிறார்கள். என் கணவர் அப்படியல்லர் என்பதில் எனக்கு ஒரு, பெருமை என்று சொல்ல மாட்டேன், ஒரு சகிப்பு உண்டு. இவருடைய காரின் பழைய வட்டு சிறியது, நான்காம் சுற்றிலேயே கொதித்துப்போய் மிதி தரைவரை இறங்கிவிடும். மூன்றாண்டுகளாக இவர் வளைவுக்கு வெகுமுன்பே காலை எடுத்து ஒன்பதாவதாகவே வந்துகொண்டிருந்தார். நான் விதியைச் சொல்ல, இவர் பழைய இரும்புக் கடைகளில் ஏழு வாரம் அலைந்து, அதே நிறுவனத்தின் பெரிய காரிலிருந்து இரண்டு வட்டுகளைக் கண்டெடுத்து, லேத்தில் தாமே முகம் சீவி, தாங்கியைத் தாமே கடைந்து பொருத்தினார். விதி கேட்கும் குறைந்த அளவுத் தடிமனுக்கு மேலே அரை மில்லிமீட்டர். நேற்றுச் சோதனை ஓட்டத்தில் இரண்டாம் இடம். பதினான்கில் இரண்டாம் இடம். இன்று முதல் வரிசையில் நிற்பார். இரவு தோசை தின்றுகொண்டே சொன்னார், "மங்கை, இன்னைக்கு நூறு மீட்டர் பலகையில பிரேக் புடிச்சேன். நாளைக்கு எம்பதுல." வளைவு இங்கே, அதற்கு நூறு மீட்டர் முன்னால் பலகை இங்கே, எண்பது இங்கே என்று தட்டில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். சட்னியில் கோடு இழுக்கும் வயதா இது.

எட்டு நிமிடம். இன்று காலை நடந்ததை நினைத்தாலே கை ஊறுகிறது, அரைகுறையாய் விட்ட வேலை எனக்குச் சகிக்காது. ஏழு மணிக்கு வந்தபோது வண்டி முட்டுகளின்மேல் நின்றது, முன்சக்கரங்கள் இரண்டும் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. டைட்டஸ் அளவுகோலோடு வந்து குனிந்து அளந்து, "ரெண்டும் செரியா இருக்குதுங்க, பெயிண்ட் எடுத்துட்டு வந்தர்றேன், சக்கரத்தை மாட்டிருங்க" என்று போனார். இவரும் மெக்கானிக் மயில்சாமியும் ஓட்டுநர் கூட்டத்துக்கு ஒருவர், தேநீருக்கு ஒருவர் எனப் போய்விட்டார்கள். அப்போதுதான் நான் வட்டைப் பார்த்தேன். ஏழு வாரம் அலைந்து தேடிய வட்டு, லேத்தில் கண்ணாடிபோல் சீவிய முகம், அதன்மேல் செம்பழுப்பாகத் துரு. நேற்று மாலை கழுவியிருக்கிறார்கள், துடைக்கவில்லை, இரவுப் பனி. வார்ப்பிரும்பைக் கழுவினால் துடைக்க வேண்டும், துடைத்தால் எண்ணெய் தடவ வேண்டும் என்பது ஒரு சமையலறையில் பத்து நாள் நின்ற எவளுக்கும் தெரியும். என் தோசைக்கல் இருபத்தெட்டு ஆண்டாகத் துரு கண்டதில்லை. ஆண்கள் இரும்பைச் செய்வார்கள், பேணத் தெரியாது. கருவி மேசையில் நீள மூக்குக் குப்பியில் எண்ணெய் இருந்தது. என் பையில் துவைத்து மடித்த பழைய பருத்தித் துணி இருந்தது. இடது வட்டை முன்னும் பின்னும் துடைத்து, நான்கு சொட்டு விட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்ததில் துரு முழுவதும் துணிக்கு வந்து, முகம் கறுத்து மினுங்கியது. வலப்பக்கம் போகிறேன், மயில்சாமி ஓடி வருகிறான், "டீச்சரம்மா நவுருங்க, டைட்டஸ் சார் வந்துட்டாருங்", இடது சக்கரத்தைத் தூக்கி மாட்டுகிறான், வட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, வலது சக்கரம், நட்டு, மஞ்சள் சாயம், முடிந்தது. வலது வட்டு துருவோடு அப்படியே. ஒரு முகம் மினுங்க, ஒரு முகம் பழுப்பாக. ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டிய பெண்ணைப்போல் அந்த வண்டி கோட்டில் நிற்கப் போகிறது என்ற எரிச்சலோடுதான் இந்த ஒன்றரை மணி நேரமாக அமர்ந்திருக்கிறேன்.

பக்கத்துக் கூடாரத்தில் கிருபாகரன் கத்துகிறார். அந்த மனிதருக்குத் தொண்டையில் ஒரே ஒரு திருகுதான், அதுவும் மேலே திருகியது திருகியபடி. அவருடைய மெக்கானிக் ஏதோ செய்துவிட்டான் போலும். "கிரீஸ் கையோட டிஸ்கைத் தொட்டியாடா? அறிவிருக்கா? விரல் ரேகை படக்கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது?" அவன், "சும்மா துரு இருந்துச்சுங், தொடச்சேன்" என்கிறான். "துரு இருந்தா இருந்துட்டுப் போகுது! ஒருக்கா பிரேக் மிதிச்சா துரு தானா போயிரும். எண்ணெய் போகுமா? ஒரு பக்கம் புடிச்சு ஒரு பக்கம் வழுக்குனா நான் நேராப் போயி செவுத்துலதான் நிக்கோணும்! ஸ்ப்ரே எடுத்துட்டு வா, கழுவுடா!" என்ன நாகரிகம், வேலைக்காரனை டா போட்டு, பத்துப் பேர் கேட்க, இந்த மனிதர்தானே சென்ற மாதம் துளை போட்ட வட்டைத் தூக்கிக்கொண்டு, என்ன சொன்னார், ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம். மிகைப்படுத்துகிறார். வியாபாரிகள் எதையும் மிகைப்படுத்துவார்கள். விரல் ரேகையாம். நான்கு சொட்டு. முன்னும் பின்னும் நான்கு சொட்டு, ஆக எட்டு. துணியால் ஒற்றியெடுத்தேனே, ஒற்றியெடுத்தேனா, இல்லை, மினுங்கட்டும் என்று விட்டேன். குடுவையின் மூடியைத் திறக்கிறேன், மூடுகிறேன். எட்டாம் வகுப்பு, இரண்டாம் பருவம், உராய்வு. உராய்வு ஒரு தேவையான தீமை. முப்பத்தொரு ஆண்டு, ஆண்டுக்கு மூன்று பிரிவு, தொண்ணூற்று மூன்று முறை இதே வாய். பரப்புகளுக்கிடையே எண்ணெய் இடப்பட்டால் உராய்வு குறையும், எழுதிக்கொள்ளுங்கள், எடுத்துக்காட்டு, கதவின் கீல். உராய்வு இல்லாவிடில் நடக்க இயலாது, எழுத இயலாது, ஓடும் வண்டியை நிறுத்த இயலாது. தொண்ணூற்று மூன்று முறை சொன்ன வாய் இன்று காலை எங்கே போயிற்று? கை மட்டும் போயிற்று, வாய் அதனோடு போகவில்லை. தோசைக்கல் என்று கை நினைத்துக்கொண்டது. சமையலறைக் கை. சொர்ணம் என்று ஒருத்தி இருந்தாள், எட்டு ஆ பிரிவு, இவளை இப்போது யார் கூப்பிட்டார்கள், சைக்கிள் பிரேக் கிரீச்சிடுகிறதென்று தையல் எந்திர எண்ணெயை ஊற்றிவிட்டுப் பள்ளிச் சரிவில் இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் மோதி, முன்பல் பாதி உடைந்து, வாயில் கைக்குட்டையோடு என் அறை வாசலில் நின்றாள். இரத்தம் நிற்கட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை நான். மறுநாள் இறைவணக்கக் கூட்டத்தில் மேடையேற்றி, செய்ததை அவள் வாயாலேயே சொல்ல வைத்தேன். பாதிப் பல்லில் 'ச' வரவில்லை. ஆயிரத்து இருநூறு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, நான் முகத்தைக் கடுமையாக வைத்திருந்தேன், அதுவும் ஒருவகைச் சிரிப்புதான்.

ஐந்து நிமிடம். கோட்டில் கார்கள் வரிசையாகிவிட்டன. இரண்டாவதாக நிற்கும் வெள்ளைக் கார், கூரையில் எண் நாற்பத்தேழு, அது இவர். மெதுவாக ஊர்ந்து போயிருப்பார். ஊரும் வேகத்தில் ஒன்றும் தெரிந்திராது. முதலில் மெதுச் சுற்று ஒன்று, அதிலும் யாரும் அழுத்திப் பிடிக்க மாட்டார்கள், பிறகு புறப்பாடு, பிறகு நேர்கோடு, எண்ணூறு மீட்டர், நூற்றைம்பது வேகம், இருநூறு பலகை, நூற்றைம்பது பலகை, நூறு, இவர் நூறில் பிடிக்க மாட்டார், எண்பதில் பிடிப்பார், சட்னியில் கோடு இழுத்தாரே. வலது பிடிக்கும். இடது வழுக்கும். பிடித்த பக்கம் பின்னே இழுக்க வண்டி வலப்புறம் திரும்பும். வலப்புறம் டயர் அடுக்கு, அதன் பின்னால் சிமெண்டுச் சுவர். விசைகளை அம்புக்குறியிட்டு என்னால் இப்போதே கரும்பலகையில் வரைய முடியும், முழு மதிப்பெண் கிடைக்கும். ஒருவேளை சூட்டில் எரிந்துபோய்விடும். ஒருவேளை மூன்று முறை மிதித்தால் புகைந்து போய்விடும். ஒருவேளை என்று தொடங்கும் விடைக்கு நான் என்றைக்கும் மதிப்பெண் இட்டதில்லை. போய்ச் சொல்ல வேண்டும். போய் என்னவென்று சொல்வது? தலைமையாசிரியை வட்டுக்கு எண்ணெய் தடவினார் என்றா? கிருபாகரனின் கூடாரத்தைக் கடந்துதான் போக வேண்டும், டைட்டஸின் பக்கத்திலேயே அவர் இப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சக்கரத்தைக் கழற்ற வேண்டும், கழற்றினால் மஞ்சள் சாயம் உடையும், உடைந்தால் இடமில்லை, விதி முப்பத்து ஒன்று, எடுத்துச் சொன்னவள் நான். மூன்றாண்டில் முதன்முறையாக முதல் வரிசை. வேறு வழி ஒன்றும் இருக்கிறது. எவ்வளவு விரைவாக வருகிறது பாருங்கள் அந்த வழி, அழைக்காமலே. வட்டின் தடிமன் குறைவு என்று சொல்லிவிடலாம். எனக்கு ஐயமாக இருக்கிறது, மறுபடி அளந்து பாருங்கள் என்று பொறுப்பாளர் கேட்டால் டைட்டஸ் கழற்றத்தான் வேண்டும், நான் சொன்னால் அவர் நம்புவார், என் சொல்லுக்கு இந்த இடத்தில் அந்த மதிப்பு உண்டு. சக்கரம் கழலும், எண்ணெயை மயில்சாமியின் தலையில் போடலாம், அவன் மறுத்தால் யார் கேட்கப் போகிறார்கள், பந்தயம் போகும், இவர் உயிர் தங்கும், என் பெயரும் தங்கும். இவர் முகத்தில் மட்டும் ஏய்த்தவன் என்ற சாயம் கொஞ்ச நேரம் இருக்கும். அரை மில்லிமீட்டர் மிச்சம் வைத்துச் சீவிய மனிதர்மேல். ஏழு வாரம் அலைந்தவர்மேல். இத்தனை பேரையும் இத்தனை நாளாக எடை போட்டுக்கொண்டிருந்தவள் கையில் இருந்த தராசு இதுதானா. சீ.

எழுந்தபோது குடுவை உருண்டு போனது, எடுக்கவில்லை. மூன்று நிமிடப் பலகையை ஒருவன் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கிறான். "அம்மா, இதுக்கு மேல போகக்கூடாதுங்" என்று மஞ்சள் மேலங்கி கையை நீட்டுகிறது. "பொறுப்பாளர்" என்கிறேன், கை இறங்குகிறது, முப்பத்தொரு ஆண்டுக் குரல் எதற்காவது பயன்பட வேண்டுமே. தார் சுடுகிறது. செருப்பின் வார் தளர்ந்திருக்கிறது. கிருபாகரன் என்னைப் பார்த்துவிட்டார், முழங்கையால் டைட்டஸை இடிக்கிறார். "வந்துட்டாங்கப்பா. யாரு வட்டுல யாரு தொளை போட்டாங்களோ." டைட்டஸ் சிரிப்பை அடக்குகிறார். "சொல்லுங்க டீச்சர், என்னங்க ஆச்சு?" வாயைத் திறக்கிறேன். என்ஜின்கள் உறுமுகின்றன, இந்த இரைச்சலில் மெல்லச் சொன்னால் அவருக்குக் கேட்காது, கேட்காததை இரண்டு முறை சொல்ல வேண்டிவரும், ஒரே முறைதான் என்னால் முடியும். "நாற்பத்தேழாம் எண் கார். இடது முன் வட்டில் எண்ணெய் இருக்கிறது. இன்று காலை நான் தடவினேன். நிறுத்துங்கள்." இறைவணக்கக் கூட்டக் குரல். என்ஜின் இரைச்சலுக்கு மேலே ஏறிப் போய் எல்லாத் திசையிலும் கேட்டது. மஞ்சள் மேலங்கிகள் திரும்பினார்கள். கிருபாகரனின் வாய் திறந்தது, இதோ, இப்போது சிரிப்பார் என்று நின்றேன், அவர் சிரிக்கவில்லை. "அய்யய்யோ, எம்பதுல புடிப்பேன்னு நேத்து எங்கிட்டயும் சொன்னானே" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெருத்த உடம்போடு கார்களுக்கிடையே ஓடினார், என் கணவரின் காரின் முன்கண்ணாடியில் இரண்டு கையாலும் அறைந்தார். அவரிடம் நன்றி பாராட்ட நேரும் என்று நான் நினைத்ததில்லை. இப்போதும் அதை அருவருப்போடுதான் செய்கிறேன்.

பதிமூன்று கார்கள் போயின. வெள்ளைக் காரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மயில்சாமி சக்கரத்தைக் கழற்ற, இவர் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து, வட்டில் ஒரு விரலை ஓட்டி, முகர்ந்து, அந்த விரலையே வெகுநேரம் பார்த்தார். "துரு புடிச்சிருந்துதா மங்கை?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். "வலது பக்கம்?" துடைக்காமல் மீதி இருக்கிறது என்றேன். நிமிர்ந்து தடத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவருடைய இடம், முதல் வரிசையில் இரண்டாவது, காலியாக இருந்தது. அதை ஒட்டித்தான் மற்றவர்கள் முதல் வளைவுக்குள் பாய்ந்தார்கள், ஒவ்வொருவர் பிரேக் பிடிக்கும்போதும் இவருடைய வலது கால் தரையை அழுத்தியது, நூறில் அல்ல, அதையும் தாண்டி, எண்பதில். டைட்டஸ் விலகல் படிவத்தை அட்டையில் செருகிக் கொண்டுவந்தார். "காரணம்னு இருக்கற எடத்துல வண்டிக் கோளாறுன்னு எழுதிருங்க டீச்சர். அது போதும், யாரும் படிக்க மாட்டாங்க." யாரும் படிக்க மாட்டார்கள். இவர்கள் எதையுமே படிக்க மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். பேனாவைத் திறந்தேன். கை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது, முந்தானையில் துடைத்துக்கொண்டேன். வண்டியில் கோளாறு ஏதும் இல்லை என்று முதல் வரி எழுதினேன். இடது முன் வட்டில் எண்ணெய், இரு முகங்களிலும், எட்டுச் சொட்டு. தடவியவர், மங்கையர்க்கரசி. படிவத்தில் இடம் போதவில்லை, ஓரத்தில் திருப்பி எழுதினேன், எழுத்து சாயாமல். பெயருக்குப் பின்னே ஒரு காற்புள்ளி வைத்தேன். பட்டம் எழுதுவதற்கான காற்புள்ளி. டைட்டஸ் காத்திருந்தார். காற்புள்ளியை முற்றுப்புள்ளியாகத் திருத்தி, தாளை அவரிடம் நீட்டினேன்.